காது வலிக்கு ஏ அண்ட் ஈயா (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு), பார்மசியா? நீங்க எங்க போய் மாட்டினீங்க, சொல்லுங்க

குட்டிப்பையன் அம்மா:
இங்கிலாந்து வந்து மூணு வருஷம் ஆச்சு, உடம்பு சரியில்லன்னா எங்க போறதுன்னு இன்னும் முழுசா பிடிபடல. ஊர்ல சாயங்காலம் தெருமுனை கிளினிக் போய் டோக்கன் வாங்கினா எட்டு மணிக்குள்ள ஊசி போட்டுட்டு வந்துடலாம். இங்க 'ஜிபி சர்ஜரி'ன்னு போர்டு பாத்ததுமே ஆபரேஷன் பண்ற இடம்னு பயந்து, எதிர் பக்கமா நடந்து போனவ நான். அது குடும்ப டாக்டர் (ஜிபி) கிளினிக்தானாம்.

போன குளிர்காலம், சனிக்கிழமை ராத்திரி பையனுக்கு (ஆறு வயசு) காது வலி, ஒரே கத்தல். ஜிபி திங்கக்கிழமைதான், அதனால நேரா ஏ அண்ட் ஈக்கு தூக்கிட்டு ஓடினோம். நர்ஸ் சீக்கிரமே பாத்துட்டாங்க, அப்புறம் உக்காரச் சொன்னாங்க, உக்காந்தோம் உக்காந்தோம் விடிகாலை மூணு மணி வரைக்கும் உக்காந்தோம், நடுவுல ரத்தம் ஒழுக ஒருத்தர், மூச்சு வாங்கிட்டு ஒரு பாட்டி, அவங்க எல்லாம் எங்களுக்கு முன்னாடி உள்ள போறாங்க, கோவப்படவும் முடியல. கடைசியில காதுல பஞ்சு மாதிரி எதையும் வைக்காதீங்க, கால்பால் (பாராசிட்டமால் சிரப்) குடுங்கன்னு அனுப்பிட்டாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு காது. இந்த தடவை பக்கத்து வீட்டு அக்கா பார்மசிக்குப் போகச் சொன்னாங்க. 2024 ஜனவரி 31ல இருந்து 'பார்மசி ஃபர்ஸ்ட்'னு ஒண்ணு ஓடுதாம், எனக்குத் தெரியவே தெரியாது. தொண்டை வலி, சைனஸ், பூச்சி கடிச்சு சீழ் வச்சது, அக்கி, பெண்களுக்கு யூரின் இன்ஃபெக்ஷன், இப்படி மொத்தம் ஏழு விஷயத்துக்கு பார்மசிஸ்டே பாத்து தேவைப்பட்டா ஆன்டிபயாடிக் வரைக்கும் தரலாம். காது வலி 1லிருந்து 17 வயசு வரைக்கும்தான். தனி ரூம்ல கருவி வச்சு காதைப் பாத்து சொட்டு மருந்து குடுத்தாங்க, 16 வயசுக்குக் கீழங்கறதால காசும் இல்ல. அரை மணி நேரத்துல வீட்ல இருந்தோம். அந்த சனிக்கிழமை ராத்திரிய நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

வடலி:
தங்கச்சி, பார்மசி நல்லம்தான், ஆனா வயசையும் பாக்கவேணும். எங்கட அம்மாவுக்கு 71. ஒரு வெள்ளி பின்னேரம் சலம் போகேக்க எரியுது எண்டா. நானும் கெட்டிக்காரன் மாதிரி பார்மசிக்குக் கூட்டிக்கொண்டு போனன், அந்தப் பிள்ளை வலு மரியாதையா, 16இல இருந்து 64 வயசு மட்டும்தான் தாங்கள் பாக்கலாம், 111க்கு (உயிராபத்து இல்லாத மருத்துவ உதவிக்கான போன் லைன்) எடுங்கோ எண்டு சொன்னது. நான் எடுக்கேல்லை. இளநி மாதிரி ஏதாவது குடிச்சா மாறும் எண்டு விட்டிட்டன்.

இரவு பத்து மணிக்கு அம்மா மாறாட்டமாக் கதைக்கத் தொடங்கினா, செத்துப்போன மாமாவைப் படலையில நிக்கிறார் எண்டு கூப்பிடுறா. அப்பதான் 111. இருபத்துநாலு மணித்தியாலமும் இருக்கு, அழைப்புக்குக் காசில்லை, தமிழில கதைக்க ஆள் வேணும் எண்டு கேட்டா லைனில எடுத்துத் தருவினம். அம்மாட்ட அந்த ஆள் நேரடியாவே கேட்டது பெரிய உதவி, ஏனெண்டா நான் பதட்டத்தில பாதியை விழுங்கிப்போட்டன். டொக்டர் திரும்ப எடுத்து உடனை ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். மூண்டு நாள் சேலைன் ஏத்தினவை. வயசுபோனவைக்குச் சலத்தில கிருமி எண்டா முதல் அறிகுறியே சிலநேரம் மாறாட்டம்தானாம்.

ஸ்லௌ மச்சான்:
எங்க சர்ஜரி ரிசப்ஷன்ல 'என்ன பிரச்சனை'ன்னு கேப்பாங்கள்ல, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. டாக்டர்கிட்டதான் சொல்வேன்னு விறைப்பா பேசுவேன். போன வருஷம் ஒரு நாள் ராத்திரி நெஞ்சுல அழுத்தம், வாயுன்னு நெனச்சு ஓமவாட்டர் குடிச்சுட்டு படுத்துட்டேன், காலைல எட்டு மணிக்கு எல்லாரையும் போல போன் போட்டேன், க்யூல பதினேழாவது ஆள். நெஞ்சு வலின்னா ஆம்புலன்ஸுக்கு 999 கூப்பிடுங்கன்னு ரெக்கார்டட் குரல் சொல்லிட்டே இருக்கு, அது வேற யாருக்கோன்னு கேட்டுட்டு இருந்தேன்!

லைன் கிடைச்சதும் அந்தம்மா அதே கேள்வி. வேண்டா வெறுப்பா, நெஞ்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கு, இடது கை கனமா இருக்குன்னேன். 'போனை வச்சுட்டு இப்பவே 999 அடிங்க'ன்னாங்க. தட்டிக் கழிக்கிறாங்கன்னு எனக்குக் கோவம் வேற. நல்லவேளை என் மனைவி பக்கத்துலயே நின்னு கேட்டுட்டு அவளே அடிச்சுட்டா. ஆஸ்பிரின் அலர்ஜி உண்டான்னு கேட்டுட்டு 300 மில்லிகிராம் மென்னு முழுங்கச் சொன்னாங்க, ஆம்புலன்ஸ்ல ஈசிஜி எடுத்தாங்க, அன்னிக்கு மதியமே ஸ்டென்ட். அப்புறம் ஒரு டப்பா மைசூர்பாக் வாங்கிட்டு சர்ஜரிக்குப் போனேன், அன்னிக்கு அந்தம்மா லீவு.

குட்டிப்பையன் அம்மா:
ஐயோ அண்ணா, படிக்கும்போதே கை நடுங்குது. கை கால் சுளுக்கு, எலும்பு சந்தேகம்னா எங்க போவீங்க எல்லாரும்?

வடலி:
அதுக்கு அர்ஜென்ட் ட்ரீட்மென்ட் சென்டர். ஒரு நாளைக்குக் குறைஞ்சது 12 மணித்தியாலம் திறந்திருக்கும், அப்பொயின்ட்மென்ட் இல்லாமலும் போகலாம். மகன் புட்போலில மணிக்கட்டை உடைச்சநேரம் அங்கதான் போனது. ஆனா எக்ஸ்ரே எத்தினை மணி மட்டும் எண்டு கேட்டிட்டுப் போங்கோ, நாங்கள் போன நேரம் அது பூட்டியாச்சு, விடிய திரும்பப் போனனாங்கள்.

ஸ்லௌ மச்சான்:
அவசரம் இல்லாத விஷயத்துக்கு எட்டு மணி போன் போட்டி எல்லாம் இப்ப வேண்டாம். 2025 அக்டோபர் 1லிருந்து இங்கிலாந்துல சர்ஜரிங்க டாக்டர்கிட்ட பிரச்சனையை எழுதிக் கேக்கற ஆன்லைன் ஃபார்மை திங்கள் முதல் வெள்ளி காலை 8லிருந்து மாலை 6.30 வரைக்கும் திறந்தே வைக்கணும்னு ரூல். நான் தோல் அரிப்புக்கு எழுதிப் போட்டேன், மறுநாள் பதில் வந்துச்சு. அப்புறம் 111 ஆன்லைன் 5 வயசும் அதுக்கு மேலயும்தான், அதுக்குக் கீழ குழந்தைன்னா போன்தான்.

குட்டிப்பையன் அம்மா:
அடுத்த மாசம் மாமியார் விசிட் விசால வர்றாங்க, பிபி, சுகர் ரெண்டும் உண்டு. அவங்களுக்கு எப்படி?

வடலி:
ஜிபியில பாக்கிறதும் ஏ அண்ட் ஈயில பாக்கிறதும் அவைக்கும் இலவசம். வார்ட்டில சேத்தாலோ, ஹொஸ்பிட்டல் கிளினிக்குக்கு அனுப்பினாலோ பில் வரும், அது சின்னத் தொகை இல்லை. இன்சூரன்ஸ் எடுக்கேக்க பிரஷர், சுகர் எல்லாத்தையும் ஒளிக்காமச் சொல்லி எடுங்கோ.

குட்டிப்பையன் அம்மா:
சரிண்ணா, இன்னிக்கே பாக்கறேன். அவங்க பெட்டியில இடம் இல்லாம ஓமவாட்டர் நாலு பாட்டில் வச்சிருக்காங்களாம், ஸ்லௌ அண்ணா கதைய முதல்ல அவங்களுக்குத்தான் படிச்சுக் காட்டணும்.