சமூகவியலுக்கு அரசியல் தத்துவம் எதற்கு?

நொய்யல்:
சமூகவியலோட அரசியல் தத்துவத்தையும் சேர்த்துப் படிக்கணும்னு சொல்றாங்க. எனக்கு ஒப்புதல் இல்லீங்க. சமூகம் எப்படி இயங்குதுன்னு சொல்றது ஒண்ணு, எப்படி இருக்கணும்னு சொல்றது வேற. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917-லயே இந்தக் கோட்டைப் போட்டுட்டார். தீர்ப்பை முன்னாடியே எழுதி வச்சுட்டுக் களத்துக்குப் போனா, தேடுனது மட்டும்தான் கண்ணுல படும்.

பள்ளிபாளையம்:
ஏனுங்க, எங்கூரு விசைத்தறி அட்வான்ஸையே எடுத்துக்குவோம். தறி ஓட்ட வர்றவருக்கு ஓனர் மொத்தமா ஒரு தொகை குடுப்பார். அது கழியாம வேற பட்டறைக்குப் போக முடியாது. புது ஓனர் அந்தக் கடனைக் கட்டித்தான் கூட்டிட்டுப் போகணும். கேட்டுப் பாருங்க, ரெண்டு பேருமே ‘தாயா புள்ளையா பழகறோம்’னுதான் சொல்வாங்க. அது பொய்யில்லீங்க. கல்யாணம், ஆஸ்பத்திரின்னா கை குடுக்கறவரும் அதே ஓனர்தான். விவரிக்கறதோட நின்னா, ஒருத்தரை ஒருத்தர் சார்ந்து இருக்காங்கன்னு எழுதி முடிச்சிரலாம்.

அரசியல் தத்துவவாதி பிலிப் பெட்டிட் 1997-ல சொன்னது இங்கதான் உதவுது: யாரும் குறுக்கே வராம இருந்தா மட்டும் அது சுதந்திரம் ஆகாது; நினைச்சா குறுக்கே வர்ற அதிகாரமே இன்னொருத்தர் கையில இருக்கக் கூடாது. இப்பக் கேள்வியே மாறிருது. ஓனர் நல்லவரான்னு கேக்க மாட்டோம். நாளைக்கு அவர் மனசு மாறினா தறிக்காரருக்கு என்ன வழின்னு கேப்போம். கணக்கு நோட்டு யார்கிட்ட இருக்குன்னு பார்ப்போம்.

நொய்யல்:
ரோமாபுரியில ஆண்டான் அடிமையை வச்சு வளர்ந்த யோசனைங்க அது. இங்க நல்லாத் தறி ஓட்டறவரே பெரிய அட்வான்ஸா கேட்டு வாங்கறார், அது அவருக்கு மதிப்பு. ஆள் கிடைக்காத சமயத்துல வாங்கிட்டு ஓடிப்போறவங்களும் உண்டு. யார் கை மேலேன்னு பட்டறையில போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.

சென்னிமலை:
வேலை மாத்தறதுக்கு ராத்திரியோட ராத்திரியா ஓடணும்னா, கை எங்க இருக்குன்னு அதுவே சொல்லுதே! பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் 1893-ல, வேலைப் பிரிவினை மனுசங்களை இணைக்குதுன்னார். சாதி வேலையை மட்டும் பிரிக்கலை, வேலை செய்யறவங்களையும் பிரிக்குதுன்னு 1936-ல அம்பேத்கர் எழுதினார். நியாயம் கேட்டதாலதான் அவருக்கு அது தெரிஞ்சுது.

நொய்யல்:
சரிங்க, பெட்டிட்டோட அந்த அளவுகோல் இங்க பொருந்தாதுன்னு களம் சொன்னா ஏத்துக்குவீங்களா?

பள்ளிபாளையம்:
கண்டிப்பா. தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தையில யார் யார் வாய் திறக்கறாங்கன்னு பாருங்க. அட்வான்ஸ் பாக்கி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மாதிரி துணிஞ்சு பேசினா என் வாதம் நிக்காது. ஆனா அதைப் போய்க் கவனிக்கணும்கற யோசனையே அந்தத் தத்துவத்துல இருந்துதானுங்க எனக்கு வந்துச்சு.