புதுப்பிப்பு: ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் டேஷ்கேம், மூன்று மாதம் கழித்து

திரை இல்லாத, ஆப்பு வடிவ டேஷ்கேம் (ஓட்டும்போது சாலையைப் பதிவு செய்யும் கேமரா) ஒன்றை என் மைவி காரில் மாட்டியதாக முன்பு எழுதியிருந்தேன். "சுங்கை சிப்புட் வெயிலுக்குத் தாங்காது, பசை விட்டுவிடும்" என்று பாதிப் பேர் சொன்னீர்கள். பசை நாலாம் நாளே விட்டது, உண்மைதான். ஆனால் முன்கண்ணாடியைச் சரியாகத் துடைக்காமல் ஒட்டியது நான். ஆல்கஹாலில் துடைத்து, புது டேப்பில் ஒட்டியபின் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் குலுங்கியும் அசையவில்லை.

வெயிலைத் தாங்குவதற்குக் காரணம், உள்ளே லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர், அதாவது கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம். பேட்டரி சூட்டில் உப்பிவிடும், இதற்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இதில் தேங்கும் மின்சாரம் கடைசிப் பதிவைச் சேமிக்கத்தான் போதும். நிறுத்திய காடியைக் காவல் காக்க, ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும்.

மறைவாக இருக்கிறதா? டயர் கடை அண்ணன் முன்னால் நின்றே, "கேமரா எங்க தம்பி?" என்று கேட்டார். ஆனால் அதே மறைவுதான் வினையும். மெமரி கார்டு துளை ரியர்வியூ கண்ணாடிப் பக்கம் இருக்கிறது. கார்டை எடுக்க நகத்தால் துழாவ வேண்டும். வடிவமைத்தவர் ஒருநாளாவது காடியில் உட்கார்ந்து எடுத்துப் பார்த்திருக்கலாம்.

அப்புறம் பிரதிபலிப்பு. டேஷ்போர்டில் அம்மா வைத்த வெள்ளைப் பிள்ளையார், பகல் பதிவு எல்லாவற்றிலும் வானத்தில் மிதக்கிறார். லென்ஸின் மேல் சிபிஎல் ஃபில்டர் (பிரதிபலிப்பைத் தடுக்கும் வடிகட்டி) போட்டால் குறையும். பிள்ளையாரை நகர்த்த வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.