ஆயத்தம் அதிகம் தேவைப்படாத வாசிப்பு, கணிதச் செயற்பாடுகள்: தரம் 1, 2 பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மூதூர்ப் பக்கத்துப் புதிய ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நகரிலிருந்து மூதூருக்கு அப்பால் உள்ள ஒரு சிறிய பாடசாலைக்குத் தினமும் பேருந்தில் சென்று வருகிறேன். தரம் 1, தரம் 2 ஆகிய இரண்டையும் ஒரே மண்டபத்தில் வைத்துக் கற்பிக்கும் பொறுப்பு இவ்வாண்டு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. இரு வகுப்பும் சேர்ந்து 23 பிள்ளைகள்.

முதலாம் தவணை முழுவதும் இரவு பதினொரு மணி வரை விழித்திருந்து, பிரிஸ்டல் போட் வெட்டி, எழுத்தட்டைகளும் எண் அட்டைகளும் செய்து, நிறந்தீட்டி எடுத்துச் சென்றேன். இரண்டு மணித்தியாலம் செலவழித்துச் செய்த அட்டைகளைப் பிள்ளைகள் இருபது நிமிடம் கையாண்டார்கள். சுவரில் ஒட்டியவை கடற்காற்றின் ஈரத்தில் ஓரம் சுருண்டு, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துவிட்டன. உழைப்பதற்கு நான் தயங்கவில்லை. அந்த உழைப்புப் பிள்ளையின் வாசிப்பில் தெரியவில்லை என்பதே என் கவலை.

தரம் 2 இல் ஒரு மகன் இருக்கிறார். எழுத்துகளைத் தனித்தனியே காட்டினால் ஒன்றுகூடத் தவறாமல் சொல்வார். ‘பாடம்’ என்ற சொல்லைக் காட்டினால் ‘பா, ட, ம்’ என்று மூன்றையும் சரியாக உச்சரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து ‘பள்ளிக்கூடம்’ என்கிறார். அவரைப் போல் இன்னும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். கணிதத்திலும் இதே நிலைதான். 8 உடன் 5 ஐக் கூட்டச் சொன்னால் எட்டு விரல்களை நீட்டுகிறார்கள், மிச்சம் இரண்டு விரல்களே இருப்பதைக் கண்டு திகைக்கிறார்கள், பிறகு ஒன்றிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்குகிறார்கள்.

கரும்பலகை, வெண்கட்டி, பாடசாலை வளவில் கிடைக்கும் பொருட்கள் ஆகியவற்றை மட்டும் கொண்டு, முதல்நாள் இரவு வெட்டி ஒட்டும் வேலை இல்லாமல், நீங்கள் வகுப்பில் உண்மையாகவே செய்து பயன் கண்ட செயற்பாடுகளை எழுதுவீர்களா? இரண்டு தரங்களையும் ஒன்றாக வைத்துச் செய்யக்கூடியவை என்றால் இன்னும் உதவியாக இருக்கும்.

உப்புவெளியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆரம்பப்பிரிவு ஆசிரியை:

மகள், உங்கள் கடிதத்தில் அந்த மகன் ‘பள்ளிக்கூடம்’ என்று சொன்ன இடத்தை இரண்டு முறை வாசித்தேன். அவருக்கு எழுத்துகள் தெரிகின்றன. ஒலிகளைச் சேர்க்கும் வேலைதான் இன்னும் கைவரவில்லை. ஆகவே இன்னும் அழகான எழுத்தட்டைகள் செய்து கொடுத்தாலும் அவருக்குப் பயன்படாது. ஏற்கெனவே தெரிந்ததையே அவை மீண்டும் காட்டும்.

நான் பல ஆண்டுகள் செய்து வந்த ஒன்றைச் சொல்கிறேன். கரும்பலகையில் ‘படம்’ என்று பெரிதாக எழுதுங்கள். எல்லோரும் வாசித்த பின், முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் அரவு மட்டும் சேருங்கள், ‘பாடம்’ ஆகிவிடும். அடுத்து ‘பா’வை அழித்து ‘மா’ எழுதினால் ‘மாடம்’. அரவை அழித்தால் ‘மடம்’. நடு எழுத்தை மாற்றினால் ‘மரம்’. பிறகு வரம், வாரம், பாரம். ‘பாரம்’ என்பதில் நடு எழுத்தை மட்டும் ‘ட’ ஆக்கினால் மறுபடியும் ‘பாடம்’, அரவை அழித்தால் தொடங்கிய ‘படம்’. சொல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கும்போது வகுப்பில் எழும் சத்தத்தை நீங்களே கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் இடந்தான் மாறுகிறது என்பதால், பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து ஊகிப்பதற்கு வழியில்லாமல், மாறிய எழுத்தைக் கூர்ந்து பார்த்தே ஆகவேண்டும். கல், கால், பால், வால், வாள் என்று சிறிய சொற்களிலும் தொடங்கலாம். கடைசி இரண்டும் லகர, ளகர வேறுபாட்டைத் தாமாகவே கொண்டுவந்து விடும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். சொல் வரிசையைப் பேருந்தில் இருந்தே யோசித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கொம்பு சேரும் எழுத்துகள். ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்று வாசிக்கும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. இடப்பக்கத்தில் ஒரு குறி, வலப்பக்கத்தில் ஒரு குறி, நடுவில் எழுத்து, ஆனால் ஒலி ஒன்று. கண் இடமிருந்து வலமாகப் போகும்போது முதலில் கொம்பைத்தான் சந்திக்கிறது. இதற்கு மூன்று பிள்ளைகளை முன்னால் அழையுங்கள். பழைய கொப்பித் தாளில் ‘க’ என்று எழுதி நடுப்பிள்ளையிடம் கொடுங்கள். வலப்பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தாளில் அரவு. இடப்பக்கப் பிள்ளையின் தாளில் ஒரு பக்கத்தில் ஒற்றைக் கொம்பும் மறுபக்கத்தில் இரட்டைச் சுழிக் கொம்பும் இருக்கட்டும். நடுப்பிள்ளை தனியே நின்றால் ‘க’. வலப்பக்கத்துப் பிள்ளை மட்டும் வந்து நின்றால் ‘கா’. இடப்பக்கத்துப் பிள்ளை மட்டும் வந்தால் ‘கெ’, தாளைத் திருப்பினால் ‘கே’. இருவரும் வந்தால் ‘கொ’ அல்லது ‘கோ’. மூன்று பிள்ளைகள், மூன்று தாள்கள், ஆறு எழுத்துகள். அமர்ந்திருப்பவர்கள் வாசிக்கவேண்டும். நடுப்பிள்ளையின் தாளை ‘ம’ என்று மாற்றினால் அதே இருவரும் ‘மொ’, ‘மோ’ ஆக்குவார்கள். ஒரு சிறு மகள் வீட்டுக்குப் போய்த் தம்பியையும் அம்மம்மாவையும் இரு பக்கமும் நிறுத்தி விளையாடியதாகத் தாயார் வந்து சொன்னது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘தம்பி’ என்பதில் வரும் பகரமும் ‘பல்’ என்பதில் வரும் பகரமும் வடிவில் ஒன்று, ஒலியில் வேறு. பிள்ளை ‘தம்பி’யை வல்லொலியோடு வாசித்துவிட்டு நின்றால், அது பிழை என்று சொல்லாமல், “வீட்டில் தம்பியை எப்படிக் கூப்பிடுவீர்கள்?” என்று கேளுங்கள். தெரிந்த சொல் வந்து ஒலியைத் திருத்திவிடும்.

கிண்ணியாவிலிருந்து, கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்:

வாசிப்புப் பற்றி மூத்த ஆசிரியை எழுதியதற்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. கணிதத்துக்கு வருகிறேன்.

கடைகளில் முப்பது முட்டை வைக்கும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. அதை இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால், ஒவ்வொன்றிலும் பத்துக் குழிகள் உள்ள மூன்று துண்டுகள் கிடைக்கும். கடைக்காரரிடம் கேட்டால் வெற்று அட்டைகளைத் தருவார். ஒரு முறை வெட்டினால் ஆண்டு முழுவதும் பயன்படும் என்பதால் இதை ஆயத்தவேலை என்றே நான் கணக்கிடுவதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு துண்டுகள் வீதம் கொடுங்கள். 8 உடன் 5 ஐக் கூட்டவேண்டுமானால், முதல் துண்டில் எட்டுக் கற்கள், இரண்டாவதில் ஐந்து. எட்டு உள்ள துண்டில் இரண்டு குழிகள் வெறுமையாக இருப்பது கண்ணுக்கு உறுத்தலாகத் தெரியும். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் சிறிது பொறுத்திருங்கள். யாராவது ஒரு பிள்ளை ஐந்திலிருந்து இரண்டை எடுத்து அங்கே வைத்துவிடும். இப்போது ஒரு துண்டு நிரம்பிவிட்டது, மற்றதில் மூன்று இருக்கிறது. பத்தும் மூன்றும் பதின்மூன்று. விடையின் பெயரிலேயே பத்தும் மூன்றும் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

பத்தின் பகுதிகளை மனத்தில் நிறுத்த எங்கள் உம்மாமார் விளையாடிய விளையாட்டே போதும். ஒரு பிள்ளைக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். அந்த வேலையையும் பிள்ளைகளே விருப்பத்தோடு செய்வார்கள். பிறகு இரு கைகளிலும் குலுக்கிப் போடவேண்டும். வெள்ளை ஆறு விழுந்தால் கறுப்பு எத்தனை என்பதை எண்ணாமல் சொல்லி, கொப்பியில் ‘6 + 4’ என்று எழுதவேண்டும். தரம் 1 பிள்ளைகளுக்கு ஐந்து கொட்டை போதும். கொட்டைகளை வாயில், மூக்கில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பாடம் முடிந்ததும் சிரட்டையில் எண்ணிப் போடுவதையும் செயற்பாட்டின் ஒரு பகுதியாக்கினால் ஒன்றும் தொலையாது.

நூறு வரை எண்ணுவதில் ஓர் இடர் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை பெயர்கள் பத்தைக் கொண்டே அமைகின்றன. அடுத்து வருவது மட்டும் ‘தொண்ணூறு’, நூறைக் கொண்டு அமைந்த பெயர். அதனால்தான் எண்பத்தொன்பது சொன்ன பிள்ளை அங்கே வந்து நின்றுவிடுகிறது. என் வகுப்பில் ஒருவர் ‘எண்பத்துப்பத்து’ என்றார். அவருடைய நியாயம் முற்றிலும் சரியானது, அதை நான் வகுப்பில் எல்லோர் முன்னும் சொன்னேன். இதற்கு ஈர்க்குத்தான் என் மருந்து. பத்துப் பத்தாக ஈர்க்குகளைக் கட்டி, எட்டுக் கட்டும் ஒன்பது தனி ஈர்க்கும் வைத்து, இன்னும் ஒன்றைச் சேர்த்து ஒன்பதாவது கட்டைப் பிள்ளையையே கட்டவிட்டு, “இந்த ஒன்பது கட்டுக்குப் பெயர் தொண்ணூறு” என்று அந்த நேரத்தில் சொல்லவேண்டும். வெறும் பாராயணத்தில் இந்தச் சொல் நிற்காது. ஒன்பது கட்டைக் கையில் வைத்திருக்கும்போது நிற்கும்.

குச்சவெளியிலிருந்து, பல்தர வகுப்பு ஆசிரியை:

நானும் இரண்டு தரங்களை ஒன்றாக வைத்தே கற்பிக்கிறேன். மேலே சொல்லப்பட்டவை யாவும் நல்லவை. ஆனாலும் ஒரு விடயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கரும்பலகைச் சொல்லை வகுப்பு முழுவதும் ஒன்றாகச் சத்தமிட்டு வாசித்தால், வாசிக்கத் தெரிந்த நால்வரின் குரலுக்குள் உங்கள் அந்த மகன் ஒளிந்துகொள்வார். நீங்கள் எல்லோரும் வாசித்தார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவரைத் தனியே எழுப்பி வாசிக்கச் சொல்வதும் நல்லதல்ல, கூச்சத்தில் இன்னும் ஊகிப்பார். நான் எழுத்தை மாற்றியதும் ஐந்து வரை மௌனமாக எண்ணுவேன். பிறகு ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் காதில் மட்டும் சொல்லவேண்டும். நான் வரிசைகளுக்கிடையே நடந்து, குனிந்து, இருவர் மூவரின் வாயருகே காதை வைத்துக் கேட்பேன். நாளொன்றுக்கு நான்கு பிள்ளைகளைக் கேட்டாலும் ஆறு நாளில் உங்கள் 23 பேரையும் கேட்டுவிடலாம்.

இரண்டு தரங்களும் சேர்ந்து செய்ய நான் மிகவும் நம்புவது காலை வாக்கியம். யாராவது ஒரு பிள்ளை தன் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். “எங்கட ஆடு ரெண்டு குட்டி போட்டுட்டு” என்று பிள்ளை சொன்னால், நான் அதை மெதுவாகச் சொல்லிக்கொண்டே ‘எங்கள் ஆடு இரண்டு குட்டிகள் போட்டது’ என்று எழுதுவேன். பேசுவதற்கும் எழுதுவதற்கும் உள்ள தூரத்தைப் பிள்ளை தன் சொந்த ஆட்டின் மூலம் காண்கிறது. தரம் 1 பிள்ளைகள் அந்த வாக்கியத்தில் ‘டு’ எங்கெங்கே இருக்கிறது என்று தேடி வட்டமிடுவார்கள். தரம் 2 பிள்ளைகள் ‘ஆடு’ என்ற இடத்தில் ‘மாடு’, ‘பூனை’ என்று மாற்றிக் கொப்பியில் எழுதுவார்கள். அதே வாக்கியமே கணக்கும் ஆகும்: ஓர் ஆட்டுக்கு நான்கு கால், இரண்டு குட்டிகளும் தாயும் சேர்ந்தால் எத்தனை கால்? தரம் 1 பிள்ளை படம் வரைந்து எண்ணும், தரம் 2 பிள்ளை நான்கு நான்காகக் கூட்டும்.

மூதூர்ப் பக்கத்துப் புதிய ஆசிரியை:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சொல் மாற்றும் செயற்பாட்டை முதல் வாரம் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்படியே செய்தேன். குச்சவெளி ஆசிரியை எழுதியது போலவே அந்த மகன் மற்றவர்களின் குரலுக்குப் பின்னால் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் காதில் சொல்லும் முறைக்கு மாறினேன். கடந்த செவ்வாய்க்கிழமை ‘வரம்’ என்பதற்கு அரவு சேர்த்துவிட்டு அவரருகே குனிந்தேன். ‘வா… வார…’ என்று இழுத்து, சற்று நிறுத்தி, ‘வாரம்’ என்று சொன்னார். இம்முறை என் முகத்தைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புளியங்கொட்டை பெரும் வெற்றி. முட்டை அட்டையில் மட்டும் ஒரு சிக்கல்: சிலர் கற்களை வரிசையாக நிரப்பாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைப்பதால் எத்தனை வெறுமை என்பது பார்த்ததும் தெரிவதில்லை. இதற்கு என்ன செய்யலாம்?

கிண்ணியாவிலிருந்து, கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்:

மேல்வரிசையின் இடது மூலைக் குழியில் மட்டும் வெண்கட்டியால் ஒரு புள்ளி வையுங்கள். கல் எப்போதும் அந்தக் குழியில் தொடங்கி, மேல்வரிசை ஐந்தும் நிரம்பிய பின்னரே கீழ்வரிசைக்கு இறங்கவேண்டும். அப்போது எட்டு என்பது மேலே ஐந்தும் கீழே மூன்றுமாகத் தெரியும். சில நாள் கழித்து, கற்களை ஒரு கணம் காட்டிவிட்டுக் கையால் மூடி, எத்தனை என்று கேட்டுப் பாருங்கள்.