25 கி.மீ. நடைப் பயிற்சி: முட்டிக்குக் கீழே முன் எலும்பில் வலி, என்ன செய்யலாம்?

ஹட்டிப்பையன்

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிதான் ஊர். வனக்காப்பாளர் வேலைக்கு எழுதியிருக்கிறேன், அடுத்தது உடல் தகுதித் தேர்வு. ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மலையில் பிறந்தவனுக்கு நடையெல்லாம் ஒரு பரீட்சையா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் சில வாரங்களாக முட்டிக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பை ஒட்டி இரண்டு காலிலும் வலி. நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இழுத்துப் பிடிக்கிறது, இடது காலில் கூடுதல். காலையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் குஞ்சப்பனை பக்கமாக வேகமாக இறங்கிவிட்டு பஸ் பிடித்துத் திரும்பி வருவேன், அப்படிப் போனால் நேரக் கணக்கு நன்றாக வருகிறது. தேதி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் பயிற்சியை நிறுத்த மனம் வரவில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு தொடரலாமா?

எஸ்டேட் மாமா

தம்பி, நம்ம ஊர்த் தைலம் இருக்கும்போது மாத்திரை எதற்கு? ராத்திரி நீலகிரித் தைலத்தைச் சூடு பறக்க அழுத்தித் தேய்த்து, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படு. தேயிலைக் காட்டில் நாள் பூராவும் ஏறி இறங்குகிற பெண்கள் எல்லாம் இப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

குன்னூர் பிசியோ

மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. தைலம் தோலுக்குச் சூடு கொடுக்கும், கொஞ்ச நேரம் வலி மறந்தது போல இருக்கும், மேலாகத் தடவிக்கொள்வதில் தப்பில்லை. எலும்பின் மேலேயே அழுத்தித் தேய்ப்பதுதான் வேண்டாம், ஏற்கெனவே புண்பட்ட இடம் அது. மாத்திரையும் வேண்டாம் தம்பி, வலி தெரியாமல் நடந்தால் எங்கே நிறுத்துவது என்பதே தெரியாமல் போய்விடும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். உட்கார்ந்து, முட்டியிலிருந்து கணுக்கால் வரை எலும்பின் ஓரமாக விரல் நுனியால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எலும்புக்கு வெளிப்புறம், சதை மேல் வலித்தால் அது பெரும்பாலும் பாதத்தை மேலே தூக்கும் தசை களைத்துப் போனதுதான். உள்பக்க ஓரத்தில், கீழ்ப்பாதியில், நாலைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால் அதைத்தான் ஷின் ஸ்ப்ளிண்ட் என்கிறோம், எலும்பும் அதன் மேலுறையும் தாங்கும் அளவுக்கு மேல் வேலை வாங்கியதால் வருவது. ஒரே ஒரு புள்ளியில், விரல் வைத்ததும் சுருக்கென்று வலித்தால் அது வேறு கதை, எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். அந்தக் காலை மட்டும் ஊன்றிக் குதித்தால் வலிக்கிறதா, ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புள்ளியில் வலி என்றால் குதித்தெல்லாம் பார்க்க வேண்டாம். நடக்கும்போது கால் இறுகி, பாதம் மரத்துப் போய், நின்ற சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கு வைத்தியமே தனி.

உங்கள் இறக்க நடைக்கும் வருகிறேன். குதிகால் தரையில் பட்டதும் பாதம் தொப்பென்று விழாமல் மெதுவாக இறக்கி வைப்பது முன்பக்கத் தசைதான், பிரேக் பிடிக்கிற மாதிரி. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் அந்த பிரேக் இன்னும் அழுத்தமாகப் பிடித்தாக வேண்டும். அதோடு 25 கி.மீ. 4 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 6.25 கி.மீ., ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 36 வினாடி. மணிக்கு ஏழு கி.மீ. அளவில் மனிதக் கால்கள் தானாகவே ஓட்டத்துக்கு மாறப் பார்க்கும், நீங்கள் அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே மணிக்கணக்கில் நடக்கிறீர்கள். ஓடுகிறவர்களை விட வேக நடைக்காரர்களுக்கு இந்தத் தசை ஏன் அதிகம் வலிக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஏரிச்சுற்று

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். பிசியோ சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், வேகம் வேண்டுமென்று பெரும்பாலானவர்கள் காலை எட்டி எட்டிப் போடுகிறார்கள், அதுதான் வினை. அடியைச் சின்னதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள், கையை மடக்கி வேகமாக வீசினால் கால் தானாகப் பின்னாலேயே வரும். ஷூ லேஸை கணுக்காலின் முன்பக்கம் இறுக்கிக் கட்டினாலும் வலிக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

இங்கே ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கி.மீ., பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. ஒரு சுற்று 48 நிமிடத்தில் முடித்தால் உங்கள் கணக்கு சரி, ஐந்து சுற்று என்றால் மொத்தத் தேர்வும் முடிந்தது. சனி ஞாயிறு மட்டும் வராதீர்கள், குதிரை, வாடகை சைக்கிள், செல்பி கூட்டம் என்று நடக்கவே இடம் இருக்காது, குதிரை போட்டுவிட்டுப் போனதைத் தாண்டித் தாண்டியே இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவ்வளவு தூரம் வர முடியாது என்றால் கோத்தகிரி காந்தி மைதானத்தையே சுற்றலாமே, மண் தரை காலுக்கு நல்லது.

பச்சைத்தேயிலை

அண்ணா, நானும் அதே தேர்வுதான், எங்களுக்கு 4 மணி நேரத்தில் 16 கி.மீ. நீங்கள் போகிற வழியையே திருப்பிப் போட்டுப் பாருங்கள், பஸ்ஸில் இறங்கி நடந்து ஏறுங்கள். மூச்சுக்கு நல்ல பயிற்சி, காலில் அடியும் குறைவு. ஆனால் குஞ்சப்பனையில் பலாப்பழ சீசனில் விடியும் முன்னால் நடக்காதீர்கள், வனக்காப்பாளர் ஆகும் முன்பே யானையைப் பார்த்துவிடுவீர்கள்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம். எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டாதீர்கள். மாதவிடாய் தள்ளிப் போகிறது, காலிலும் வலி என்றால் அது எலும்பு பலவீனமாவதன் அறிகுறியாக இருக்கலாம், பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு டாக்டர்தான் சொன்னார்.

ஹட்டிப்பையன்

எல்லோருக்கும் நன்றி. அழுத்திப் பார்த்தேன். வலது காலில் வெளிப்பக்கச் சதையில்தான் வலி, பிசியோ அண்ணா சொன்ன முதல் வகை என்று நினைக்கிறேன். இடது காலில் உள்பக்கம், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே இடம், தொட்டாலே துள்ளுகிறது. குதித்துப் பார்க்கவில்லை. ராத்திரியும் விண் விண் என்று இருக்கிறது. மரத்துப் போவதில்லை. இங்கே பக்கத்தில் எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றுமில்லை, நடக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் தொடரலாம்தானே?

குன்னூர் பிசியோ

இல்லை, தொடரக் கூடாது. இந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு தன்னைத் தானே ஒட்டவைக்க ஆரம்பித்து அந்த இடம் தடித்த பிறகுதான் கண்ணில் படும், அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம், சிலருக்குக் கடைசி வரை தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் முன்பே தெரிந்துவிடும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஒரே புள்ளியில் வலி, ராத்திரியும் வலி என்று இரண்டையும் வாய் விட்டுச் சொல்லுங்கள், வெறும் கால் வலி என்று சொன்னால் வெறும் கால் வலிக்குத்தான் மருந்து கிடைக்கும். வைட்டமின் டி பார்க்கலாமா என்றும் கேளுங்கள், மழையும் மூடுபனியுமான மாதங்களில் நமக்கு வெயில் படுவதே அபூர்வம்.

விரிசல்தான் என்றால் உள்பக்க ஓரத்தில் வருவது பொதுவாக நன்றாகவே கூடிவிடும், ஆறு முதல் எட்டு வாரம் கணக்கு வையுங்கள். எலும்பின் முன் முகட்டில் வருவதுதான் பொல்லாதது, உங்களுடையது அங்கே இல்லை என்பது ஆறுதல். அது வரை மூச்சுத் திறன் போகாமல் இருக்க, வலியில்லாமல் மிதிக்க முடிந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு நின்ற இடத்து சைக்கிள் மிதியுங்கள். வலது காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை மேலே தூக்கி மெதுவாக இறக்கும் பயிற்சி போதும். குதிகால் தூக்கும் பயிற்சியை, முட்டியை நீட்டியும் மடக்கியும், இடது கால் ஆறிய பிறகு இரண்டுக்கும் சேர்த்துச் செய்யலாம். மறுபடி நடக்கும்போது சமதரை முதலில், ஏற்றம் அடுத்தது, ஏற்றத்தில் கெண்டைக்காலுக்கு வேலை அதிகம் என்பதால் தங்கை சொன்ன யோசனையையும் உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். இறக்கத்தைக் கடைசியில் பார்க்கலாம்.

எஸ்டேட் மாமா

சரி சரி, தைலத்தை உள்ளே வைத்துவிட்டேன். தம்பி, ஊட்டி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் காலில் அடி என்று கண்டக்டரிடம் சொல், கோத்தகிரியிலிருந்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போகாதே.

ஹட்டிப்பையன்

சரிங்க மாமா. திங்கட்கிழமை போகிறேன், எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்களா என்று வந்து சொல்கிறேன்.