ஜவுளிக்கடைக்கு ஏஐ கணிப்பு தேவையா? டாலியில் 7 வருஷக் கணக்கு இருக்கிறது

கும்பகோணத்தான்:
அப்பா ஆரம்பித்த ஜவுளிக்கடை, இப்போது இரண்டு கிளை. 2018 முதல் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில்தான் பில். தீபாவளிக்கு எதை எவ்வளவு எடுப்பது என்று அப்பா மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவார். போன தடவை நைட்டி மட்டும் நாலு பண்டல் தேங்கிவிட்டது. ஒரு சாஃப்ட்வேர்க்காரர் வந்து, பவர் பிஐ டாஷ்போர்டும் (விற்பனைக் கணக்கை வரைபடமாகக் காட்டும் திரை) ஏஐ கணிப்பும் போட்டுத் தருகிறேன், இனி கொள்முதலை அதுவே முடிவு செய்யும் என்கிறார். அப்பா சிரிக்கிறார். போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிவட் பிரியன்:
முதலில் எக்செல்லில் ஒரு பிவட் (சரக்குவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடுங்கள். 180 நாளாக அசையாத சரக்கு எதுவென்று தெரிந்தாலே பாதிக் காசு மிச்சம்.

ஈரோட்டுக் கல்லா:
எங்கள் கடையில் 2024லிருந்து ஓடுகிறது. டாஷ்போர்டில் குறையே இல்லை. எந்தக் கிளையில் எது போகிறது என்று காலை டீக்குள் பார்த்துவிடலாம். நடந்ததைத்தானே காட்டுகிறது. வம்பெல்லாம் கணிப்பில்தான்.

பழைய கணக்கு குப்பை என்று 2023ஐ மட்டும் கொடுத்தோம். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. அது பாட்டுக்கு நவம்பரில் கூட்டம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது! ஐப்பசி என்றால் நம் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. 'தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்' என்று அட்டவணையில் தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது. நீங்கள் 2018லிருந்து கொடுப்பதானால் 2020 ஊரடங்கு மாதங்களையும் குறித்துக் கொடுங்கள்.

இன்னொன்று. வேட்டி தீர்ந்துபோய்ப் பத்து நாள் விற்பனை பூஜ்யம். யாருக்கும் வேட்டி வேண்டாம் போலிருக்கிறது என்று அடுத்த ஆர்டரைக் குறைக்கச் சொன்னது. கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் பில்லில் வருவார்களா? இப்போது கல்லாவில் ஒரு 'இல்லை நோட்டு' வைத்திருக்கிறோம். கேட்டு இல்லாமல் போனதை எல்லாம் அதில் எழுதி, வாரம் ஒருமுறை ஏற்றிவிடுவோம்.

வெளியூர்வாசி:
'அதுவே முடிவு செய்யும்' என்றாரா? அமெரிக்காவில் ஜில்லோ என்ற வீடு விற்பனை இணையதளம் இப்படித்தான் கணிப்பு விலையை நம்பி வீடுகளை வாங்கிக் குவித்தது. 2021 நவம்பரில் அந்த வீடு வாங்கும் வியாபாரத்தை மட்டும் மூடுவதாகச் சொல்லி, ஊழியர்களில் சுமார் 25 சதவீதம் பேரை அனுப்பப் போவதாக அறிவித்தது. உங்களுக்கு நாலு பண்டல் நைட்டியோடு போயிற்று.

கும்பகோணத்தான்:
நன்றி. நேற்று ராத்திரி டாலியில் சரக்குப் பட்டியலை எடுத்தேன். ஒரே காட்டன் நைட்டிக்கு ஏழு பேர்! 'நைட்டி காட்டன்', 'நைட்டி கா', அப்புறம் 'நைட்டி புதுசு'. அந்தப் புதுசு 2019இல் போட்டது. பேர் வைத்தது அப்பாதானாம். அவரையே பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறேன். சாஃப்ட்வேர்க்காரர் அடுத்த மாதம் வரட்டும். இல்லை நோட்டும் வைத்தாயிற்று. முதல் வரி, அப்பா கையெழுத்தில்: மயில்கழுத்து கலர் ரெடிமேட் பிளவுஸ், 38.