குண்டு பல்பை மாற்றி எல்.இ.டி. போட்டதும் வளவு மங்கிவிட்டது, ஏன்?

கேள்வி (கானாடுகாத்தான்):
எங்கள் பூர்வீக வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் பித்தளைத் தாங்கி விளக்குகள் உண்டு. பல்பு மேல்நோக்கி நிற்கும், சுற்றிலும் பூப்போட்ட கண்ணாடிக் கிண்ணம். இதுவரை 60 வாட் குண்டு பல்பு பத்து எரிந்தது. அடுத்த மாதம் படைப்பு (முன்னோர் வழிபாடு), பங்காளிகள் எல்லாரும் வருவார்கள் என்று 9 வாட் எல்.இ.டி. வாங்கி மாட்டினேன். அட்டையில் 60 வாட்டுக்குச் சமம் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனாலும் தரையில் வெளிச்சம் போதவில்லை. கீழே உட்கார்ந்து அரிசி புடைக்க முடியவில்லை என்கிறார்கள் ஆச்சி. 12 வாட் வாங்கட்டுமா?

பதில் (காரைக்குடி, வயரிங் வேலை):
அவசரப்படாதீங்கண்ணே. வாட் என்பது பல்பு எடுக்கிற கரண்டு. வெளிச்சத்துக்கு லூமன் பார்க்க வேண்டும், அதுதான் பல்பு தருகிற மொத்த ஒளியின் அளவு. 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமன் தரும். உங்கள் 9 வாட் எல்.இ.டி. 800க்கு மேலேயே தரும். ஆக வெளிச்சம் குறையவில்லை, வேறு பக்கம் போகிறது. குண்டு பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசும். சாதாரண எல்.இ.டி. பல்பில் அடிப்பாதி சூடு கடத்துகிற உடம்பு. ஒளி பெரும்பாலும் முன்பக்கம்தான். தலைகீழாக நிற்கும் தாங்கியில் அது நேரே கூரைக்குப் போகிறது.

பதில் (தேவகோட்டை):
அந்தக் கூரையும் பர்மா தேக்காக இருக்குமே! வெள்ளைச் சுவர் என்றால் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுத்த தேக்கு விழுங்கிவிடும். போனில் ஒளி அளக்கும் செயலி போட்டுப் பாருங்கள். இருட்டிய பிறகு, தாங்கியின் கீழே தரையில் ஒரே இடத்தில் போனை வைத்து இரண்டு பல்பையும் மாற்றி மாற்றி அளக்க வேண்டும். போன் காட்டும் லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் ஒளியின் அளவு) துல்லியமாக இருக்காது, ஒப்பிடப் போதும்.

கேட்டவர்:
அளந்தேன். தரையில் குண்டு பல்புக்குத்தான் அதிகம். அதே எல்.இ.டி.யைப் பட்டாலையில் கீழ்நோக்கித் தொங்கும் ஹோல்டரில் மாட்டினால் குண்டு பல்பைத் தாண்டுகிறது! அப்படியானால் பழைய பல்பையே திரும்பப் போட்டுவிடலாமா?

பதில் (காரைக்குடி):
வேண்டாம்ணே, கணக்கைப் பாருங்கள். 60 வாட் பத்து, தினம் 5 மணி நேரம் என்றால் 3 யூனிட். இரண்டு மாத பில்லில் 180. எல்.இ.டி. என்றால் 27தான். தாங்கிக்கு ஃபிலமென்ட் எல்.இ.டி. வாங்குங்கள்: கண்ணாடிக்குள் இழை இழையாக இருக்கும், சுற்றிலும் ஒளி வரும், 7 வாட்டுக்குச் சுமார் 800 லூமன். 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று கேளுங்கள், பழைய மஞ்சள் நிறம் அப்படியே கிடைக்கும். வெள்ளை ஒளி தரும் 6500 போட்டால் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் வெளிறித் தெரியும், எனக்கு அது பிடிக்காது.

கேட்டவர்:
சரி, வாங்கிவிடுகிறேன். முகப்பில் முழுக்க மூடிய கண்ணாடி உருண்டை ஒன்று இருக்கிறது. அதற்குள் இந்த 9 வாட்டைப் போடலாமா?

பதில் (காரைக்குடி):
போடாதீங்க. உள்ளே சூடு தேங்கினால் டிரைவர் (பல்புக்குள் இருக்கும் மின்சுற்று) சீக்கிரம் போய்விடும். மூடிய விளக்குக்கு ஏற்றது என்று அட்டையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். மிச்சமாகும் 9 வாட் எல்லாம் இரண்டாம் கட்டில், அடுப்படியில், கீழ்நோக்கித் தொங்கும் ஹோல்டர்களுக்கு ஆகும்.