எட்டாம் வகுப்போடு இலவச இடம் முடிகிறது, மகளை எங்கே சேர்ப்பது?

வணக்கம். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் என் மகள் எல்.கே.ஜி.யிலிருந்து ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். அந்தச் சலுகை எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புக்குக் கேட்கும் கட்டணத்தை, வீட்டு வேலை செய்யும் என்னால் கட்டவே முடியாது.

பணத்தைவிட என்னை அரிப்பது வேறு. கூடப் படிக்கும் பிள்ளைகள் காரில் வந்து இறங்குகிறார்கள். பிறந்தநாள் என்றால் வேளச்சேரி மாலில் கொண்டாட்டம். பரிசு வாங்க நம்மிடம் காசில்லை என்று தெரிந்து, இவளே தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிடுகிறாள். வீடு கண்ணகி நகரில், குடிசைப் பகுதி மக்களுக்கு அரசு கட்டிய குடியிருப்பில் என்று யாரிடமும் சொல்வதில்லை. கணக்கில் வகுப்பிலேயே அவள்தான் முதல், அதையும் சொல்லிவிடுகிறேன்.

9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கும் உண்டு. அதனால் மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது.

இப்படி மாற்றிய அக்கா, அண்ணன்மார் யாராவது இருக்கிறீர்களா? பிள்ளை அங்கே ஒட்டிக்கொண்டாளா? துரைப்பாக்கம், திருவான்மியூர் பக்கம் ஆங்கில வழி உள்ள நல்ல அரசுப் பள்ளி எது? டிசிக்கு (மாற்றுச் சான்றிதழுக்கு) எப்போது கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.